மோட்டார் சைக்கிள் ஹான்டிலைத் தாழ்த்தப் போகிறீர்களா?



சென்ற மாதம் இந்த விடயம் பற்றி நான் வானொலியில் பேசிய பின்னர், சிலர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, "அண்ணை, அந்த ஹான்டில் கதையை எழுத்திலயும் போடுங்கோ. மகனுக்கு வாசிச்சுக் காட்ட வேணும்" என்று கேட்டிருந்தார்கள். பதினைந்து நிமிடப் பேச்சில் விட்டுப்போனவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. சொந்த மோட்டார் சைக்கிளின் ஹான்டிலைத் தாழ்த்தப் போய், சொந்த வீட்டு வாசலிலேயே விழுந்து எழும்பியவன். இதைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி அது ஒன்றுதான்.

எங்கிருந்து வந்த ஆசை

1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் சண்டை மீண்டும் தொடங்கியபோது எனக்குப் பதினாறு வயது. யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனது. அந்த நாட்களில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது, ஆகவே குளிர்ந்த இயந்திரம் அதில் பற்றாது. ஒரு சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளை விட்டு, உதைத்து ஸ்ராட் பண்ணி, இயந்திரம் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். புகை ஒழுங்கை முழுக்க நிற்கும்.

அப்பாவிடம் ஒரு பழைய ஹொண்டா இருந்தது. அதில் நாங்கள் கழற்றிப் பூட்டாத பாகம் ஒன்றும் இல்லை. எந்த உதிரிப்பாகம் கிடைக்கிறதோ அதை அராவிப் பொருத்துவோம். எதை மாற்றினாலும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஓடினால் சரி. இந்தப் பழக்கத்தை நேயர்கள் மனதில் வைத்திருங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

1993 இல் லண்டன் வந்தேன். பெற்றோல் செற், கடை, இரவு வேலை என்று காலம் போனது. பிள்ளைகள் படித்து முடித்த பிறகு, எனக்கென்று ஒன்று வாங்கினேன் என்றால் அது ஒரு செக்கன்ட்ஹான்ட் குறூசர் மோட்டார் சைக்கிள்தான். வீட்டுக்காரி கேட்டார்: "அங்க ஷெல்லுக்குத் தப்பி வந்தது, இஞ்ச றோட்டில விழுந்து சாகவோ?" முறைப்படி பயிற்சி எடுத்து, எழுத்துப் பரீட்சையும் இரண்டு ஓட்டப் பரீட்சைகளும் சித்தியடைந்த பிறகுதான் வண்டி வீட்டுக்கு வரலாம் என்பது அவர் போட்ட நிபந்தனை. அதன்படியே செய்தேன்.

குறூசர் என்றால் என்ன?

குறூசர் அமெரிக்காவின் நீண்ட நேர் வீதிகளுக்கென வளர்ந்த வடிவம். 1903 இல் தொடங்கிய ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தின் வண்டிகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும். தாழ்ந்த சீற், முன்னுக்கு நீட்டிய கால்கள், உயர்ந்து பின்னோக்கி வளைந்த அகலமான ஹான்டில். வண்டியும் பாரமானது. உதாரணமாக, தமிழ்நாட்டில் தயாராகி இங்கேயும் விற்பனையாகும் றோயல் என்ஃபீல்ட் சூப்பர் மீற்றியோர் 650 என்ற குறூசரின் நிறை 241 கிலோ, சீற்றின் உயரம் 740 மில்லிமீற்றர். இந்த றோயல் என்ஃபீல்ட் என்ற பெயர் இங்கிலாந்தின் றெடிச் நகரில் பிறந்தது. 1955 இல் சென்னையில் கூட்டு நிறுவனம் அமைத்து அங்கே புல்லற் வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் தயாரிப்பு 1970 இல் நின்றது. சென்னையில் நிற்கவில்லை. எங்கள் பிள்ளைகள் இந்த வண்டியை வீதியில் கண்டால், இது எந்த ஊரில் செய்தது என்று சொல்லிக் கொடுங்கள்.

இப்போது ஹான்டிலுக்கு வருவோம். ஹான்டிலைத் தாழ்த்தும் ஆசை லண்டனுக்குப் புதிதல்ல. வெம்பிளி, அல்பேட்டன் பக்கம் இருப்பவர்கள் நோர்த் சேர்குலர் வீதியில் ஸ்ரோன்பிறிட்ஜ் அருகே ஏஸ் கஃபே என்ற கட்டடத்தைக் கண்டிருப்பீர்கள். 1938 இல் வீதியால் போகும் சாரதிகளுக்கான சாப்பாட்டுக் கடையாகத் திறந்தது. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சில் சேதமாகி, 1949 இல் திரும்பக் கட்டப்பட்டது. 1950களிலும் 60களிலும் லண்டன் இளைஞர்கள் இந்த இடத்தில்தான் கூடினார்கள். தங்கள் சாதாரண வண்டிகளின் ஹான்டிலைக் கழற்றிவிட்டு, ஃபோர்க்கிலேயே நேரடியாகப் பூட்டும் தாழ்ந்த ஹான்டிலைப் போட்டு, காற்றுக்குக் குனிந்து மணிக்கு நூறு மைல் தொடப் பார்ப்பார்கள். 'கஃபே றேசர்' என்ற வண்டி வகை அப்படி வந்தது. 1969 இல் மூடிய அந்தக் கடை 2001 இல் மீண்டும் திறக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இளைஞர்கள் ஹான்டிலைத் தாழ்த்தியபோது கால்மிதியையும் பின்னுக்குத் தள்ளிப் பூட்டினார்கள். கால் பின்னுக்கு இருந்தால், முன்னுக்குக் குனிந்த உடலின் பாரத்தில் ஒரு பங்கைக் கால் தாங்கும். குறூசரில் கால் முன்னுக்கு நீட்டியபடி இருக்கிறது. அதில் ஹான்டிலை மட்டும் தாழ்த்தி முன்னுக்குக் கொண்டுபோனால், உடம்பு பாதி மூடிய பேனாக்கத்தி போல மடியும். பாரம் முழுவதும் நாரியிலும் மணிக்கட்டிலும் இறங்கும். ஆகவே குறூசரில் ஹான்டிலைத் தாழ்த்தும்போது அழகை அல்ல, உடம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சிறிய அளவு போதும்.

நான் ஏன் தாழ்த்தினேன்?

எனக்கு நீரிழிவு உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு 'உறைந்த தோள்' என்று சொல்லும் தோள் இறுக்கம் மற்றவர்களை விட அதிகம் வரும். எனக்கும் வலது தோளில் வந்தது. சட்டை போடவே மற்றக் கை உதவி வேண்டியிருந்த அந்த மாதங்களில் நான் வண்டியைத் தொடவில்லை. பிசியோவுக்குப் போய்க் கை ஓரளவு திரும்பிய பிறகும், கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி வைத்திருக்க முடியவில்லை. எனது வண்டியின் ஹான்டிலோ மிக உயரமானது. இருபது நிமிடம் ஓடினால் விரல்கள் விறைத்துவிடும். விறைத்த விரலால் பிறேக் பிடிப்பது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்லத் தேவையில்லை. வண்டியை விற்பதா, ஹான்டிலைத் தாழ்த்துவதா என்ற நிலையில் இரண்டாவதைத் தெரிந்தேன்.

தாழ்த்துவதற்கு மூன்று வழிகள்

முதலாவது, இருக்கும் ஹான்டிலையே சற்றுச் சுழற்றுவது. ஹான்டிலைப் பிடித்திருக்கும் மூடியின் நான்கு போல்ற்றுகளையும் கொஞ்சம் தளர்த்தி, ஹான்டிலைத் தன் பக்கம் உருட்டினால் பிடிகள் கீழேயும் கிட்டவும் வரும். செலவு இல்லை. அநேகருக்கு இதுவே போதும். சுழற்றிய பிறகு பிறேக், கிளச் லீவர்களின் சாய்வையும் திரும்பச் சரிசெய்ய வேண்டும். பிடியில் கை வைத்து விரலை நீட்டினால், முழங்கை முதல் விரல் நுனி வரை ஏறக்குறைய ஒரே கோடாக லீவரில் போய்ச் சேர வேண்டும்.

இரண்டாவது, ஹான்டிலைத் தூக்கிப் பிடித்திருக்கும் இரண்டு சிறு தூண்களை மாற்றுவது. இவற்றை றைசர் என்பார்கள். உயரம் குறைந்த றைசர் போட்டால் ஹான்டில் அப்படியே கீழே இறங்கும்.

மூன்றாவது, ஹான்டிலையே மாற்றுவது. வாங்க முன்னர் நான்கு அளவு எடுக்க வேண்டும்: மொத்த அகலம், எழும்பும் உயரம், பின்னோக்கி வளையும் தூரம், குழாயின் விட்டம். விட்டத்தில் பலர் ஏமாறுவார்கள். பல வண்டிகளுக்கு 22 மில்லிமீற்றர், பல குறூசர்களுக்கு 25.4 மில்லிமீற்றர், அதாவது ஒரு அங்குலம். நான் முதலில் வாங்கியது 22. என்னுடைய வண்டிக்கு 25.4. திருப்பி அனுப்பித்தான் மற்றதை வாங்கினேன். இன்னொன்று, ஹான்டில் ஒடுங்கினால் திருப்புவதற்குக் கூடுதல் பலம் வேண்டும். பாரமான வண்டியை லண்டன் நெரிசலில் மெதுவாக ஓட்டும்போது இது நன்றாகத் தெரியும்.

எவ்வளவு தாழ்த்துவது என்பதற்கு ஒரு இலகுவான வழி உண்டு. வண்டியை ஒருவர் நேராகப் பிடித்திருக்க, ஏறி இருந்து, இரண்டு காலையும் கால்மிதியில் வையுங்கள். கண்ணை மூடி, தோளைத் தளரவிட்டு, முழங்கை சற்று மடிந்தபடி கைகளை முன்னுக்கு நீட்டுங்கள். கை எங்கே போய் நிற்கிறதோ அங்கேதான் பிடி இருக்க வேண்டும். மற்றவர் அளவு நாடாவால் அளந்து எழுதட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

நான் மூன்றாவது வழியைத் தெரிந்து, ஒரு ஞாயிறு காலை வாசலில் வேலையைத் தொடங்கினேன். மகன் கூட நின்றான். பின்னேரம் நான்கு மணிக்கு ஹான்டில் பூட்டி முடிந்தது. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. கையும் தோளும் சுகமாக இருந்தன. "அப்பா, எல்லாம் ஒருக்கா செக் பண்ணிட்டு எடுங்கோ" என்றான் மகன். ஓடிப் பார்த்தால் தெரியும்தானே என்று சொல்லி, ஸ்ராட் பண்ணி, வாசலால் இறங்கி இடது பக்கம் முழுதாகத் திருப்பினேன்.

இயந்திரம் தானாகவே உறுமியது. நான் அக்சிலேற்றரை முறுக்கவில்லை. வண்டி பாய்ந்து, பக்கத்து வீட்டுக்காரரின் நிறுத்தியிருந்த காரின் கதவில் மோதி, என் காலின் மேல் சரிந்தது. மகன் ஓடிவந்து திறப்பை நிற்பாட்டித் தூக்கினான். எனக்கு முழங்காலில் வீக்கம், காரின் கதவில் பள்ளம். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கார் நின்ற இடத்தில்தான் பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளை வழமையாகச் சைக்கிள் ஓடுவாள். அன்று உறவினர் வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டுக்காரி ஒன்றும் பேசவில்லை, உள்ளே போய்விட்டார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

என்ன நடந்தது?

பிறகு ஒரு கறாஜில் காட்டியபோது காரணம் தெரிந்தது. எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் கம்பனி கொடுத்த ஹான்டிலைக் கழற்றி, அதைவிட உயரமான ஹான்டிலைப் போட்டிருக்கிறார். அதற்கேற்ப நீளமான கேபிள்களும் போட்டிருக்கிறார். நான் ஹான்டிலைத் தாழ்த்தினேன், கேபிள்களை மாற்றவில்லை. மிச்சமான நீளம் வில்லுப்போல வளைந்து வெளியே தள்ளி நின்றது. முழுதாகத் திருப்பியபோது அக்சிலேற்றர் கேபிள் ஒரு இடுக்கில் மாட்டி இழுபட்டது. கேபிள் இழுபட்டால் இயந்திரத்துக்கு அது கையால் முறுக்கியதுபோலத்தான்.

ஹான்டில் என்பது வெறும் கம்பி இல்லை. அக்சிலேற்றர், கிளச், முன் பிறேக், சுவிச் வயர்கள் எல்லாம் அதிலிருந்துதான் போகின்றன. அதை ஒரு அங்குலம் அசைத்தால் இவை எல்லாம் அசையும். உயர்த்தினால் கேபிள் கட்டையாகி இழுபடும். தாழ்த்தினால் நீளமாகி மாட்டும். ஆகவே வேலை முடிந்ததும், வீதியில் இறங்க முன்னர், பின்வருவனவற்றைப் பாருங்கள்.

இயந்திரத்தை நிற்பாட்டி வைத்துக்கொண்டு ஹான்டிலை இடது கடைசி வரை, வலது கடைசி வரை மெதுவாகத் திருப்புங்கள். பிடியோ லீவரோ பெற்றோல் தாங்கியில் முட்டக் கூடாது. பிடிக்கும் தாங்கிக்கும் இடையில் உங்கள் பெருவிரல் நசியாமல் இடம் இருக்க வேண்டும். எந்தக் கேபிளும் வயரும் இறுகவோ, கூர்மையாக மடியவோ, இடுக்கில் போகவோ கூடாது.

அக்சிலேற்றரை முறுக்கி விட்டால், ஹான்டில் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அது தானாகவே 'டக்' என்று மூட வேண்டும்.

அடுத்து, திறந்த வெளியில் வண்டியை ஸ்ராண்டில் நிறுத்தி, கியர் நியூட்ரலில் இருக்க, இயந்திரத்தை ஓடவிட்டு, திரும்பவும் இரு கடைசிக்கும் திருப்புங்கள். சத்தம் கொஞ்சமும் கூடவோ குறையவோ கூடாது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்தான் செல்லும். நான் அதைச் செய்யவில்லை.

முன் பிறேக்கின் எண்ணெய்க் குப்பி, வண்டி நேராக நிற்கும்போது ஏறக்குறைய மட்டமாக இருக்க வேண்டும். அதிகம் சரிந்தால் பிறேக் குழாய்க்குள் காற்றுப் போகக்கூடும். காற்றுப் போனால் லீவர் பஞ்சுபோல அமுங்கும், வண்டி நிற்காது. பிறேக் குழாயைக் கழற்ற வேண்டி வந்தால், பழக்கமில்லாதவர்கள் அதைக் கறாஜுக்கு விடுவதே நல்லது. அந்த எண்ணெய் சிந்தினால் பெயின்ரையும் அரித்துவிடும்.

கடைசியாக, மூடியின் போல்ற்றுகளை எந்த ஒழுங்கில், எந்த இறுக்கத்தில் பூட்டுவது என்பது வண்டியின் கைந்நூலில் இருக்கும். கை மதிப்பில் இறுக்காமல், அளவு காட்டும் ரோர்க் றென்ச்சினால் இறுக்க வேண்டும். ஓடும்போது ஹான்டில் கையோடு சுழன்றால் பிறகு செய்ய ஒன்றும் இல்லை.

மூன்று வருடம் முடிந்த மோட்டார் சைக்கிளுக்கு ஒவ்வொரு வருடமும் எம்.ஓ.ரி. சோதனை உண்டு. அங்கேயும் ஹான்டிலை இரு பக்கமும் திருப்பி, முட்டுகிறதா, இழுபடுகிறதா என்று பார்ப்பார்கள். அதற்காக வருடச் சோதனை வரும்வரை காத்திருக்க முடியாது. ஆபத்தான நிலையில் உள்ள வாகனத்தை வீதியில் ஓட்டுவது 1988 ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம்.

சொல்லாமல் விட்ட விடயம்

அன்றிரவு மகன் கேட்டான்: "அப்பா, ஹான்டில் மாத்தினதை இன்சூரன்சுக்குச் சொன்னீங்களா?"

நான் சொல்லவில்லை. வாங்கியபோதும், "வண்டியில் ஏதாவது மாற்றம் செய்யப்பட்டுள்ளதா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்றே பதில் கொடுத்திருந்தேன். நான் ஒன்றும் மாற்றவில்லைத்தானே என்ற எண்ணம். ஆனால் அந்தக் கேள்வி என்னைப் பற்றியதல்ல, வண்டியைப் பற்றியது. முன்னைய உரிமையாளர் செய்த மாற்றமும் மாற்றம்தான்.

நேயர்களே, இதில் எங்களுக்கென்று ஒரு பழக்கம் இருக்கிறது. சோதனைச் சாவடியிலும், விசாரணை அறையிலும், விசாப் படிவத்திலும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, அதற்கு மேல் வாய் திறக்காமல் இருந்து உயிர் தப்பியவர்கள் நாங்கள். கூடச் சொன்னால் வில்லங்கம் என்பது எங்கள் உடம்பில் ஊறிய பாடம். காப்புறுதி விடயத்தில் அந்தப் பாடம் எங்களுக்கு எதிராக வேலை செய்கிறது.

2012 இல் இயற்றப்பட்டு 2013 சித்திரையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் காப்புறுதிச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. காப்புறுதி எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் கேட்கும் கேள்விகளுக்குத் தகுந்த கவனத்துடன் உண்மையான பதில் கொடுப்பது எமது கடமை. வேண்டுமென்றே பொய் சொன்னால் காப்புறுதியையே இல்லாமல் செய்யலாம். கவனக்குறைவாகத் தவறவிட்டால், உண்மை தெரிந்திருந்தால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பதைப் பொறுத்து, கொடுக்கும் பணத்தைக் குறைக்கலாம். வருட நடுவில் செய்யும் மாற்றங்களையும் அறிவிக்க வேண்டும் என்று அநேகமான ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். மற்றவருக்கு ஏற்பட்ட காயத்துக்குப் பெரும்பாலும் கம்பனி முதலில் பணம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் சில சந்தர்ப்பங்களில் அதை எங்களிடமிருந்து திருப்பி அறவிட அவர்களுக்கு உரிமை உண்டு. ஒரு காரின் கதவு என்றால் சமாளிக்கலாம். ஒரு பிள்ளையின் கால் என்றால், வீடு விற்றாலும் போதாது. பணத்தைவிடப் பெரிய பாரமும் இருக்கிறது, அதை நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்த நாள் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். உயரமான ஹான்டில், தாழ்ந்த ஹான்டில், விழுந்தது, காரின் கதவு, ஒன்றையும் மறைக்கவில்லை. கை நடுங்கத்தான் செய்தது. மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டு எழுதினார். வருடக் கட்டணம் கொஞ்சம் கூடியது. பக்கத்து வீட்டுக்காரரின் கதவை என் காசில் திருத்திக் கொடுத்தேன். அன்றிரவுதான் எனக்கு நித்திரை வந்தது.

பேச ஆங்கிலம் தடுமாறுகிறது என்றால் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். சொன்ன திகதியையும் பேசியவரின் பெயரையும் குறித்து வையுங்கள், எழுத்தில் உறுதி கேளுங்கள். காப்புறுதிக் கம்பனி நியாயமாக நடக்கவில்லை என்று தோன்றினால், முதலில் அவர்களிடமே முறையிட்டு, அதன் பிறகு நிதித்துறைக் குறைகேள் அதிகாரியிடம் இலவசமாக முறையிடலாம்.

கறாஜில் சரியான நீளமுள்ள கேபிள்களைப் போட்டு, ஒழுங்காகப் பாதை விட்டுத் தந்தார்கள். இப்போது ஒரு மணித்தியாலம் ஓடினாலும் விரல் விறைப்பதில்லை. ஞாயிறு காலையில் வண்டியை எடுக்கும்போது மகன் வாசலில் வந்து நிற்பான். நான் ஹான்டிலை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டிய பிறகுதான் அவன் வழி விடுவான். வீட்டுக்காரி இன்னும் பின்னால் ஏறவில்லை. யன்னலால் பார்க்கிறார். அதுவரையில் முன்னேற்றம்தான்.

அடுத்த மாதம் வேறொரு விடயத்துடன் சந்திக்கிறேன்.